ஆண்டவர் உன் அம்மாவைப் போல இல்லை

நைனா,

"கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு" என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. எழுதி அடித்துவிட்டேன். அந்த மாதிரி வார்த்தைகளை முன்னால் வைத்துக்கொண்டு நான் பின்னால் என்னென்ன பேசியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அதனால் வீட்டில் கூப்பிடுகிறபடியே கூப்பிடுகிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பெரிய எழுத்து வேதப்புத்தகத்தில் விரலை வைத்து வாசித்துப் பழகிய எழுத்துதான் இது, கோணலாகத்தான் இருக்கும். யாரையாவது உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுதச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்தால் உன் விஷயத்தை இன்னொரு ஆளிடம் இன்னொரு தடவை சொன்னவளாக ஆகிவிடுவேன். அதனால் நானே எழுதுகிறேன்.

இது நம் சபையின் மாதப் பத்திரிகையில் வரவேண்டும் என்று எழுதுகிற கடிதம். எதற்காக ஊர் வாசிக்கும்படி எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் போகப்போகத் தெரியும். அச்சுக்குப் போவதற்கு முன் இந்தக் காகிதம் என் மருமகள் ஷீலா கையால் உன்னிடம் வரும். பிடிக்காத வரியை அடித்துவிடு. முழுவதும் பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போடு. திரும்ப எழுதி அனுப்பமாட்டேன். உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றிப் பேசுவதை நான் நிறுத்தியாக வேண்டும், அதை இந்தக் காகிதத்திலேயே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதை ஆண்டவர் கொடுத்த வரம் என்று சொல்லித் திரிந்தேன். எந்த ஞாபகம் என்று யாரும் கேட்கவில்லை. யார் என்னை எப்போது என்ன சொன்னார்கள் என்கிற ஞாபகம்தான் அது. உன் நிச்சயதார்த்தப் பந்தியில் ஷீலாவின் அம்மா, என் சம்மந்தி, தட்டிலிருந்து ஒரு துண்டைத் தூக்கிக் காட்டி, "சம்மந்தி வூட்டு பிரியாணில எலும்புதான் கீது, ஆடு எங்கியோ எகிறி ஓடிட்ச்சி போல" என்றார். பந்தியே சிரித்தது. அவர் கட்டியிருந்தது மயில்கழுத்து நிறப் பட்டு. யார் வாயை மூடிக்கொண்டு சிரித்தது, யார் திறந்துகொண்டு சிரித்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். நான் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே பாயசம் பரிமாறினேன். அதற்குப் பிறகு உனக்குக் கல்யாணம் ஆயிற்று, பாப்பா பிறந்தாள், உன் அப்பா போய்ச் சேர்ந்தார். அந்த எலும்பு மட்டும் என் தொண்டையில் நின்ற இடத்திலேயே நின்றது. வாராவாரம் அதோடுதான் சபைக்குப் போனேன், அதோடுதான் திருவிருந்தில் கை நீட்டினேன்.

நீ என்னிடம் வந்து சொன்ன சாயங்காலத்தை எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எழுதாமல் என் குற்றம் விளங்காது. நான் பின்பக்கம் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். நீ வேலை முடிந்து சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து நேராக வண்டியில் வந்திருந்தாய், கம்பெனிச் சட்டைகூட மாற்றவில்லை. தண்ணீர் கேட்டாய். குடிக்காமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாய்.

"இன்னாடா, ஒடம்பு செரியில்லியா?" என்றேன்.

"தெனமும் ஊத்திக்கினு கீறேம்மா. வுடலாம்னு பாக்கறேன், முடில. காலைல வேணான்னு நெனக்கறேன், ஷிப்டு முடிஞ்சா காலு தானா அங்க போவுது. ஷீலாவுக்கு இன்னும் தெரியாது. நானே சொல்லிக்கறேன், கொஞ்சம் டைம் குடு. நீ மட்டும் எனக்காவ வேண்டிக்கோம்மா."

"நீ மட்டும்" என்றாய். செதில் ஒட்டிய கையோடு உன் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் மேல ஆணையா யாராண்டயும் சொல்லமாட்டேன்" என்றேன். ஆணையிடக்கூடாது என்று நானே பெண்களுக்குப் பாடம் சொல்கிறவள். நீ என் தோளில் முகத்தை வைத்து அழுதாய். அவ்வளவு பெரிய ஆம்பிளை அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு இரக்கம் வந்தது நிஜம். அந்த இரக்கம் அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து மைக்கைப் பிடித்து ஜெப விண்ணப்பம் சொல்வது நம் வழக்கம். யாருக்குச் சுகமில்லை, யார் பிள்ளைக்கு வேலையில்லை என்று சொன்னால் சபையாக வேண்டிக்கொள்வோம். நல்ல வழக்கம்தான். ஆனால் ஒருத்தரின் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாததை அங்கே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம், ஆண்டவரோடு பேசுகிறாள் என்று யாரும் தடுக்கமாட்டார்கள். குழாயடியில் சொன்னால் அதற்குப் புறணி என்று பேர். மைக்கில் சொன்னால் அதற்கு ஜெபப் பாரம் என்று பேர். இதை எத்தனையோ பேர் செய்து நான் பார்த்திருக்கிறேன். என்னைப் போலத் திறமையாகச் செய்தவர்கள் குறைவு. ஊரில் எனக்கு "ஜெப அம்மா" என்று பேர் இருந்தது அல்லவா.

அன்றைக்குச் செங்கல்பட்டிலிருந்து சம்மந்தி வந்திருந்தார். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஷீலாவும் பக்கத்தில் இருந்தாள். நீதான் அவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ரோட்டோர டீக்கடையில் நின்றிருந்தாய். என் முறை வந்ததும் எழுந்தேன். முன் வரிசையில் அதே மயில்கழுத்துப் பட்டு. வேண்டுமென்றே கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, எம்புள்ள தெனமும் குடிக்கிறாம்ப்பா! வூட்ல நிம்மதி இல்லாம குடிக்கிறாம்ப்பா! பெரும புடிச்ச குடும்பத்துல போயி மாட்டிக்கினாம்ப்பா! அந்தப் பெருமைய ஒடச்சி எம்புள்ளைய எனக்குக் குடுப்பா!"

பெண்கள் எல்லாம் "ஆமென்" என்று அழுதார்கள். நானும் அழுதேன். கண்ணீர் வந்தது என்பதற்காக அதை ஜெபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் ஆண்டவரோடு பேசவே இல்லை, முன் வரிசையோடு பேசினேன். சம்மந்தியை அடிக்க எனக்கு ஒரு கல் வேண்டியிருந்தது. கைக்கு அகப்பட்டது என் பிள்ளையின் கண்ணீர்.

சபைக் கூரை மேல் கூம்பு ஸ்பீக்கர் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? மாட்டும்போது "நல்லா ஏத்தி மாட்டுங்கப்பா, காலனி முழுக்கக் கேக்கணும்" என்று கீழே நின்று சொன்னவளே நான்தான். டீக்கடைக்காரர் பிறகு சொன்னார், "ஒம்புள்ள கிளாச கீழ வெச்சிட்டு அந்த ஸ்பீக்கரயே பாத்துக்கினு நின்னாம்மா. காசு குடுக்கக்கூட மறந்துட்டான்" என்று. நீ வந்து வாசலில் நின்று ஷீலாவைக் கூப்பிட்டாய். அவள் முகத்தைப் பார்த்தேன். புருஷன் குடிக்கிறான் என்பதை ஒரு பெண்டாட்டி ஒலிபெருக்கியில் கேட்டுத் தெரிந்துகொண்ட முகம் அது. அவள் செருப்பு மாட்டும்போது நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய்.

"இன்னாம்மா, மைக்கு நல்லா வேல செய்யுதா?"

அதற்குப் பிறகு நீ என் வீட்டு வாசலில் கால் வைக்கவில்லை.

அப்போதாவது எனக்கு உறைத்ததா? இல்லை நைனா. கேட்டவர்களிடம் எல்லாம், "ஜெபந்தான பண்ணேன், சூனியமா வெச்சேன்?" என்று எகிறினேன். மாமியார் வீட்டுப் பேச்சைக் கேட்டுக்கொண்டு பெற்றவளை விட்டான் என்று உன் பெயரையும் என் மனசில் இருந்த பட்டியலில் சேர்த்தேன். பாப்பாவின் பிறந்தநாளுக்கு நீ என்னைக் கூப்பிடவில்லை, அதையும் சேர்த்தேன். வெள்ளிக்கிழமைகளில் உன் இரட்சிப்புக்காக உபவாசம் இருந்தேன், மற்ற நாட்களில் உன்னைக் கரித்துக்கொட்டினேன்.

ஒன்றை யோசித்துப் பார்க்கிறேன். நீ என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவையா? சின்ன வயசில் திருக்கழுக்குன்றம் சங்கு தீர்த்தத்தில் உன் கூட்டாளிகளோடு இறங்கி, தண்ணீர் குடித்து மூழ்கப் போனாய், எவனோ முடியைப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டான். உடம்பெல்லாம் நடுங்க வந்து என்னிடம் மட்டும் சொன்னாய். நான் ஞாயிறு பள்ளி டீச்சரிடம் சொன்னேன். அவர் உன்னை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் நிறுத்தி, கீழ்ப்படியாத பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று உன் வாயாலேயே சொல்ல வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. நீ வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் படுத்துக்கொண்டாய். அப்படியும் பெரியவனாகி, வேறு போக்கில்லாமல், திரும்ப என்னிடமே வந்தாய் பார், அதை நினைத்தால்தான் எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சமீபத்தில் ஷீலா வந்தாள். உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றாள். பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள். காப்பி வைத்தேன், தொடவில்லை.

"அத்த, நான் சண்ட போட வர்ல. அவுரு கொஞ்ச மாசம் வுட்டுட்டு இருந்தாரு. இப்ப மறுபடி. போன மாசம் வண்டில இருந்து வுழுந்துட்டாரு, பெருசா அடி இல்ல. அன்னிக்கி அவரே ஒக்காந்து அழுதாரு, 'என்ன யாராலயும் காப்பாத்த முடியாது'ன்னு. நான் சொன்னேன், வாங்க, ரெண்டு பேரும் மண்டி போட்டு ஆண்டவராண்ட சொல்லலாம்னு."

"சொன்னானா?"

"இல்ல. சிரிச்சாரு. 'எங்கம்மாவாண்ட சொன்னேன், காலனிக்கே கேட்டுச்சி. அவுரு எங்கம்மாவ விடப் பெரிய ஆளாச்சே, அவராண்ட சொன்னா எவ்ளோ தூரம் கேக்கும்?'ன்னாரு."

நான் வந்து மன்னிப்பு கேட்கிறேன், இப்போதே கிளம்புகிறேன் என்று எழுந்தேன். அவள் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "அதயும் சொல்லிப் பாத்தேன் அத்த. 'ஊரு கேக்கச் சொன்னாங்க. மன்னிப்பு மட்டும் வூட்டுக்குள்ள வந்து காதுல சொல்லுவாங்களா?'ன்னாரு. தப்பா?"

தப்பில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் ஊருக்கு.

பாவம் என்றால் அது சாராயக்கடைப் பக்கம் இருக்கிற ஒன்று என்றே நினைத்து இவ்வளவு வயசு வந்துவிட்டேன். எண்ணெய் பூசி, தலையில் கை வைத்து, சத்தம் போட்டால் உன்னை விட்டு ஓடிவிடும் என்று நினைத்தேன். ஷீலா போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தபோதுதான் தெரிந்தது, உன் நோயும் என் நோயும் ஒன்றேதான். நீ காலையில் வேண்டாம் என்று நினைத்துச் சாயங்காலம் போய் நிற்கிறாய். நானும் ஒவ்வொரு ஞாயிறும் மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அந்தப் பந்தியை எடுத்து வைத்துக்கொண்டு, யார் சிரித்தார்கள் என்று முதலிலிருந்து பார்ப்பேன். அதில் ஒரு ருசி இருந்தது நைனா. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குடித்தேன். உனக்காவது காலையில் தலை வலிக்கும். உனக்காவது முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தது. எனக்கு அதுவும் இல்லை. எனக்கு அது ஜெபம்.

அவள் வந்துபோன அடுத்த வாரம் நம் சபையார் ஞானஸ்நானம் கொடுக்க மாமல்லபுரம் போனார்கள். நானும் வேனில் ஏறினேன். ஊருக்குத் தெற்கே, வள்ளங்கள் நிற்கிற இடத்துக்கு அப்பால், நீயும் பார்த்திருக்கிறாய். வெள்ளை உடுத்தியவர்கள் வரிசையாக நின்றார்கள், சுற்றுலா வந்தவர்கள் போனில் படம் பிடித்தார்கள். நான் வீட்டிலிருந்தே வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தேன். வரிசையின் கடைசியில் போய் நின்றேன். பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"இன்னாம்மா, நீங்க எதுக்கு இங்க நிக்கறீங்க? உங்களுக்குத்தான் எப்பவோ குடுத்தாச்சே?"

"அப்ப முங்குனது செல்லாதுங்க. வன்மத்தோட முங்கி வன்மத்தோட எழுந்துட்டேன். இன்னொரு வாட்டி குடுங்க."

அவர் கரைக்கு வந்து, ஈரத்தோடு என் எதிரில் நின்று மெதுவாகச் சொன்னார். "தண்ணில தப்பில்லம்மா. இன்னொரு வாட்டி முங்குனா உப்புதான் ஒட்டும். நீங்க யாருக்குத் தப்பு பண்ணீங்களோ அவங்க வூட்டுக்கு பஸ் கீதில்ல?"

எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. இத்தனை பேர் முன்னால் என்னைத் திருப்பி அனுப்புகிறாரே என்று. உடனே, இது என்ன பிழைப்பு, தீர்ந்து போகாதா என்று மணலில் உட்கார்ந்துவிட்டேன். என்னால் என்னை மாற்ற முடியவில்லை என்று அங்கே உட்கார்ந்துதான் முதல் தடவையாக ஒப்புக்கொண்டேன். சத்தம் இல்லை, கண்ணீரும் இல்லை. "ஆண்டவரே, நான்தான். என்னால முடில" என்று மட்டும் சொன்னேன். உன் வார்த்தையைத்தான் எடுத்துச் சொன்னேன், எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

மறுநாள் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன். சம்மந்தி கதவைத் திறந்து, "குந்துங்க" என்றார், சிரிக்கவில்லை. நான் எலும்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"எலும்பா? எப்ப சொன்னேன்? ஐயே, அதுவா! அது எங்க வூட்டுக்காரரு எல்லாப் பந்தியிலயும் சொல்ற ஜோக்காச்சே. என் கல்யாணத்துலயே சொன்னாரு, எங்கம்மா கரண்டியால அடிக்க வந்திச்சி."

அவருக்கு ஞாபகமே இல்லை. இத்தனை வருஷம் நான் சுமந்ததை அவர் கை கழுவும்போதே மறந்திருக்கிறார். அதற்கும் எனக்கு ஒரு நொடி ஆத்திரம் பொங்கியது. எப்படி மறக்கலாம் என்று. என்னை எவ்வளவு ஆழத்திலிருந்து தூக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள். பிறகு அவர் குரல் மாறியது. "ஆனா நீங்க கண்ண மூடிக்கினு சொன்னீங்க பாருங்க, அது மறக்கல. எம்பொண்ணு எங்கூட வந்து ஒக்காந்து ஒரு வாரம் பேசாம இருந்தா. அவ வாழ்க்கைய நான் ஸ்பீக்கர்லயா கேக்கணும் சம்மந்தி?" நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். "வேணாங்க, எழுந்திருங்க" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லச் சொல்லி நானும் கேட்கவில்லை. அது அவர் நேரம்.

இப்போது சபையாருக்கும் காலனிக்கும் சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை நான் என் மகனுக்காக ஜெபிக்கவில்லை, அவனைக் காட்டிக்கொடுத்தேன். அவன் வீட்டில் நிம்மதி இல்லை என்று நான் சொன்னது பொய். அவன் வீட்டின் நிம்மதி ஷீலாதான். பெருமை பிடித்த குடும்பம் என்று நான் சொன்னது என்னைத்தான் சேரும். இதை வாசித்துவிட்டு யாரும் என் மகனைப் பார்த்து, பாவம், குடிக்கிறான் என்று பரிதாபப்பட வேண்டாம். பரிதாபப்பட வேண்டுமானால் என் வீட்டுக்கு வாருங்கள்.

நைனா, உனக்கு ஒரே ஒரு விஷயம். நீ ஆண்டவரை என்னை வைத்து அளந்துவிட்டாய். அது உன் தப்பில்லை, உனக்கு அவரைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். ஆனால் ஆண்டவர் உன் அம்மாவைப் போல இல்லை. நான் மீன் ஆய்ந்த இடத்தில் நீ வந்து நின்று சொல்வதற்கு முன்பே அவருக்கு எல்லாம் தெரியும். அத்தனை நாள் தெரிந்தும் அவர் என் காதில்கூட ஒரு வார்த்தை போடவில்லை. என் வன்மமும் அவருக்குத் தெரியும், அதையும் இன்றுவரை அவர் ஊரில் யாருக்கும் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன். ஊர் பார்க்கத் துணியை உரிந்து நிறுத்தப்பட்டவர் அவர். அவமானம் எப்படி எரியும் என்று நீ அவருக்கு விளக்க வேண்டியதில்லை. நம்முடைய வெட்கத்தைத் தன் மேல் போட்டுக்கொண்டு தொங்கினாரே தவிர, நம்மைத் தொங்கவிடவில்லை. உன்னையும் என்னையும் இதிலிருந்து இழுத்துப் போட வேறு ஆள் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன், என் ஞாபகத்திலும் இல்லை, என் உபவாசத்திலும் இல்லை.

டாக்டரிடமும் போ. ஜெபம் பண்ணுகிறவன் மாத்திரை சாப்பிடக்கூடாது என்று எவளோ ஒருத்தி மைக்கில் சொல்லியிருப்பாள், அவள் நான்தான், கேட்காதே. சபைக்கு வா என்று கூப்பிடமாட்டேன். வீட்டுக்கு வா என்றும் கூப்பிடமாட்டேன், அது உன் கையில். அவரிடம் மட்டும் பேசு. மண்டி போட வேண்டாம், நல்ல வார்த்தை தேட வேண்டாம், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக்கூடப் பேசலாம்.

பேசினாயா என்று எனக்குச் சொல்ல வேண்டாம். என்றைக்காவது போன் செய்தால் வெயிலைப் பற்றிச் சொல், பாப்பா என்ன படிக்கிறாள் என்று சொல். அவரிடம் என்ன சொன்னாய் என்று கேட்க என் நாக்கு துடிக்கும், உனக்குத் தெரியும் என்னை. நான் கேட்டுவிட்டால், நீ பதில் பேசாமல் போனை வைத்துவிடு. அதை நான் மனசில் வைத்துக்கொள்ளாமல் இருக்க ஆண்டவர்தான் எனக்கு இரங்க வேண்டும்.

உன் அம்மா